சரசுவுக்கு, மருமகளின் ஆய்வு பற்றி

சென்னை

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதை முன்னாடியே சொல்லியிருந்தால் ராத்திரி பஸ் பிடித்தாவது வந்திருப்பேன். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

உன் மருமகளின் எம்.எஸ்சி. ஆய்வுத் தலைப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். டெங்கு பற்றிய அறிவில் கல்வித் திட்டத்தின் பயன்! முன் தேர்வு, சார்ட் வைத்து ஒரு பாடம், ஏழாம் நாள் பின் தேர்வு. மதிப்பெண் கூடாமல் வேறென்ன செய்யும்? நாம் படித்த காலத்திலிருந்து நூலக அலமாரி முழுக்க இதுதானே. அவற்றால் எந்தத் தெருவில் கொசு குறைந்தது?

அவளைக் கண்ணகி நகருக்கு அனுப்பு. நான் இப்போது அந்தப் பக்கம்தான். ஆற்றோரத்திலும் ஊருக்குள்ளும் இருந்தவர்களை 2000-ஐ ஒட்டிக் கொண்டுவந்து குடிவைத்த இடம் அது. டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள் என்று போய் நின்றால், "கொழாயில எப்ப வரும்னு நீ சொல்லும்மா, நான் ஏன் புடிச்சு வைக்கிறேன்?" என்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். இல்லாதது தண்ணீரும் டிரம்முக்கு மூடியும்தான். அதைப் பின் தேர்வு காட்டாது.

போன மாதம் குழுப் பெண்களோடு தெருவிலேயே கோலமாவால் ஏரியா வரைபடம் போட்டோம். நாங்கள் எதிர்பார்த்தது டிரம், தொட்டி, குப்பை. அவர்கள் முதலில் குறித்தது விளக்கெரியாத ஒரு சந்து. வேலை முடிந்து பஸ் இறங்கி அந்த வழியாகத்தான் வரவேண்டுமாம். குழாயை எங்கே போடுவது என்று பேச்சு முற்றி, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போய், டீ வந்ததும் திரும்பி வந்தார்கள். அப்புறம்தான் விஷயம் நகர்ந்தது. தண்ணீர் ஏறாத மாடி வீடுகளில்தான் டிரம் அதிகம் என்று அவர்களே கோடு இழுத்துக் காட்டினார்கள். நாம் கணக்கெடுக்கப் போகும் காலை பதினொரு மணிக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் யாரும் வீட்டில் இருப்பதில்லை என்பதையும் ஒரு அக்காதான் சொன்னார். படிவம் முழுக்கப் பாட்டிகளாக இருப்பதன் ரகசியம் அதுதான்.

ஆரம்ப சுகாதாரம் பற்றிய உலக மாநாட்டின் 1978 அல்மா ஆட்டா பிரகடனத்தைப் பரீட்சைக்கு உருப்போட்டோமே, நினைவிருக்கிறதா? தங்கள் ஆரோக்கியத்துக்கான திட்டமிடலில் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமை என்று. அமெரிக்காவில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அம்மா 1969-லேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். அதில் 'கருத்துக் கேட்டோம்' என்பது நாலாவது படிதான். நம் கூட்டங்கள் பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன, கையெழுத்தும் போட்டோவுமாக.

கைடு முரண்டு பிடிப்பார். எதிக்ஸ் கமிட்டி கேள்வித்தாளை முன்கூட்டியே கேட்கும். இங்கேயோ கேள்விகளே மக்களிடமிருந்து வரவேண்டும். முதல் கட்டத்தைக் குழு உரையாடல் என்று எழுதி அனுமதி வாங்கட்டும். அதில் வரும் கேள்விகளை வைத்து அடுத்த கட்டத்துக்குத் திருத்தம் கொடுக்கலாம். காலம் போதாது என்பது உண்மைதான். ஒரு பிளாக் போதும், ஊரையே அளக்க வேண்டாம்.

பிரஷர், சர்க்கரைக்கு வீடு தேடி மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது அல்லவா, அதன் தன்னார்வலர்களை முதலில் பிடிக்கச் சொல். உள்ளூர்ப் பெண்கள். யார் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார், ஏன் நிறுத்தினார் என்பது நம் ரிஜிஸ்டரைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

முடிவுகளை வைவாவுக்கு முன்னால் தெருவில் படித்துக் காட்டட்டும். அங்கே தப்பு என்று சொன்னால் திருத்தியே ஆகவேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விக்கு முன்னால் எக்ஸாமினரெல்லாம் ஒன்றுமேயில்லை.

தங்க என் வீடு இருக்கிறது. ஏழு மணிக்கு மேல்தான் ஆட்களைப் பார்க்க முடியும் என்பதால் ராத்திரிச் சாப்பாடு லேட்டாகும், அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடு.

உன்,
வசந்தா