ரயில் நேரத்துக்குப் பேருந்தும், ரயில் நிலையப் பராமரிப்பில் ஊருக்குப் பங்கும் வேண்டிச் செட்டிநாட்டு மக்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பகுதி ரயில் பயணிகள் சார்பில்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கானாடுகாத்தான், காரைக்குடி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சிவகங்கை.

பொருள்: செட்டிநாடு, கோட்டையூர், கல்லல், தேவகோட்டை ரஸ்தா ரயில் நிலையங்களுக்கு ரயில் நேரத்தையொட்டிப் பேருந்து இயக்கவும், நிலையங்களைப் பேணுவதில் ஊர் மக்களைச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரை செல்லும் இருப்புப்பாதை 1930 வாக்கில் எங்கள் ஊர்களைத் தொட்டது. இன்று அது அகலப்பாதையாகி, மின்மயமாகியும் விட்டது. 2013 முதல் பல்லவன் விரைவு ரயில் காரைக்குடியிலிருந்தே சென்னைக்குப் புறப்படுகிறது. பல ஆண்டுகள் நின்றிருந்த திருவாரூர் தடமும் 2019இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. ரயில் நிலையங்களை மேம்படுத்தும் அம்ரித் பாரத் திட்டத்தில் காரைக்குடி சந்திப்பு சேர்க்கப்பட்டதிலும் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் சந்திப்புக்கு அப்பால் இருக்கும் சிறிய நிலையங்களில் இறங்கி வீடு போய்ச் சேர வேண்டியவர்களின் நிலையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மனுவை எழுதுகிறோம்.

சென்ற மார்கழியில், திருச்சியில் கண் சிகிச்சை முடித்த என் மூத்த சகோதரியை அழைத்துக்கொண்டு மாலை ரயிலில் செட்டிநாடு நிலையத்தில் இறங்கினேன். ரயில் அன்று சற்றுத் தாமதம். நாங்கள் நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது, பேருந்து சற்று முன்புதான் போய்விட்டது என்று அங்கே நின்ற ஒருவர் சொன்னார். ஒரு கண்ணில் கட்டுடன் அவர் கல் இருக்கையில் உட்கார்ந்திருக்க, ஆட்டோவுக்காக நான் கைப்பேசியில் முயன்றுகொண்டிருந்தேன். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு பால்கேன் ஏற்றிவந்த சிறு வண்டிக்காரர் ஒருவர் மனமிரங்கி எங்களை ஏற்றிக்கொண்டார். யாரையும் குறை கூற இதை எழுதவில்லை. ஓட்டுநர் தம் நேரப்படிதான் வண்டியை எடுத்தார். ரயில் தாமதமானது அவருக்குத் தெரிய வழியில்லை.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ரயிலின் கால அட்டவணையை ஒரு துறையும் பேருந்தின் கால அட்டவணையை மற்றொரு துறையும் வகுக்கின்றன. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் இடம் மாவட்டத்தில் தங்கள் அலுவலகம் ஒன்றுதான் என நாங்கள் கருதுகிறோம். புதிய பேருந்துகள் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. இப்போது ஓடும் நகரப் பேருந்துகளில் காலை, மாலை இரண்டு நடைகளின் நேரத்தை மட்டும் ரயில் வருகையோடு பொருத்தி, நிலைய வாசல்வரை வந்து திரும்பச் செய்தால் போதும். ரயில் தாமதமாகும் நாளில் நிலையத்திலிருந்து காரைக்குடிப் பேருந்து நிலைய நேரக்காப்பாளருக்கு ஒரு தொலைபேசித் தகவல் சென்று, கடைசி நடை பத்து நிமிடம் காத்திருக்குமானால், மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போய்த் திரும்புவோர் இருட்டில் நடக்க வேண்டியிராது. தேவகோட்டை ரஸ்தாவில் இத்தேவை இன்னும் கூடுதல். பெயரில் தேவகோட்டை இருந்தாலும் நகரம் நிலையத்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. விடியுமுன் கிளம்பும் பல்லவனைப் பிடிக்கக் குன்றக்குடி, கல்லல் பக்கத்திலிருந்து வருவோருக்கும் அந்நேரத்தில் ஒரு பேருந்து வேண்டும்.

இரண்டாவது வேண்டுகோள் நாங்கள் கேட்டுப் பெறுவது அன்று, நாங்கள் தருவதற்கு அனுமதி வேண்டுவது. இந்த வட்டாரத்தில் ஊருணியைத் தூர்வாரியதும், மகமை (வணிகர் தம் வருவாயில் ஒதுக்கும் அறப்பங்கு) வைத்துக் கோயிலையும் பள்ளியையும் நடத்தியதும் ஊரார்தான். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வள்ளல் அழகப்பர் கொடுத்ததால்தான் 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. அந்த ஆய்வகத்தின் அறிவியலாளர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு குன்றக்குடி அடிகளார் தம் ஊரில் கிராமத் திட்டத்தை நடத்திக் காட்டினார். அப்படிப்பட்ட மண்ணில் ரயில் நிலையம் மட்டும் ஏன் ஊருக்கு அந்நியமாக இருக்க வேண்டும்?

இங்கிலாந்தில் செட்டில் – கார்லைல் ரயில் தடம் மூடப்படும் என்ற நிலை வந்தபோது, 1981இல் அவ்வட்டார மக்கள் நண்பர் குழு ஒன்றைத் தொடங்கிப் போராடினர்; 1989இல் மூடும் முடிவு கைவிடப்பட்டது. அக்குழுவினர் இன்றும் அத்தடத்தின் நிலையங்களில் தோட்டம் போட்டுப் பராமரிக்கிறார்கள். அங்குள்ள வட்டார ரயில் நிறுவனங்கள் சிறு நிலையங்களை ஊர்க் குழுக்கள் தத்தெடுத்துக்கொள்ள இடம் கொடுக்கின்றன. இங்கே எங்கள் ஊர்களிலும் ஓய்வுபெற்றோர், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், மகளிர் குழுவினர் என ஆள் இருக்கிறார்கள். மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவும், முதியோரை வண்டியேற்றிவிடவும், நிலையச் சுவரில் அச்சடித்த நேரப் பட்டியலைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டிவைக்கவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். நிலையத்துக்கு உள்ளே ரயில்வேயின் அனுமதியும், வெளியே அணுகுசாலைக்கும் விளக்குக்கும் உள்ளாட்சியின் ஒத்துழைப்பும் வேண்டும். வெளியே உள்ள பணிகளை மக்கள் பங்களிப்புடன் நமக்கு நாமே திட்டத்தில் எடுக்கலாமா என்பதையும் தாங்கள் ஆராய வேண்டுகிறோம்.

கொட்டான் என்னும் பனையோலைக் கூடை பின்னும் பெண்களைப் பற்றியும் ஒரு சொல். சாயம் ஏற்றிய பனையோலையை நகத்தால் கீறி இழையாக்கி, ஒரு சிறு கொட்டானை முடிக்க நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருப்பவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். செட்டிநாட்டுக் கொட்டானுக்கும், 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மாளிகைகளைப் பார்க்க வருவோர் இவற்றை வாங்க விரும்புகிறார்கள். எங்கே கிடைக்கும் என்று எங்களைக் கேட்கிறார்கள். ரயில்வே 2022 முதல் நடத்தும் ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ திட்டத்தில் செட்டிநாடு நிலையத்தில் ஒரு கடைக்கு, மகளிர் திட்டத்தின் வழியாகத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம். மணகோலம், சீப்புச் சீடை போன்ற எங்கள் பலகாரங்களையும் அங்கேயே விற்கலாம்.

இவற்றைத் தனித்தனி மனுவாகத் தனித்தனி அலுவலகத்துக்கு அனுப்பினால், எங்கள் பொறுப்பில் இல்லை என்ற பதிலே ஒவ்வொரு மேசையிலிருந்தும் வரக்கூடும். ஆகையால் ரயில்வே கோட்டம், அரசுப் போக்குவரத்துக் கழகம், உள்ளாட்சி அமைப்புகள், மகளிர் திட்டம் ஆகியவற்றின் அலுவலர்களையும் எங்களில் சிலரையும் ஒரே கூட்டத்தில் அமர்த்திப் பேசத் தாங்கள் ஒரு நாள் குறித்துத் தர வேண்டுமெனப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். நான்கு நிலையங்களில் ரயில் வரும் நேரத்தையும், அவ்வழி ஓடும் பேருந்துகளின் நேரத்தையும் பக்கம் பக்கமாக எழுதிய பட்டியலை நாங்களே தயாரித்து, தாங்கள் குறிக்கும் நாளில் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
ரயில் பயணிகள் சார்பில்

இணைப்பு: பயணிகளின் கையொப்பங்கள்