சலித்தது வேலையா, துறையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலை கசந்ததும் துறையையே மாற்றத் துடிப்பவர்கள் முதலில் 8 வாரம், தினமும் இரண்டு வரி எழுதிவைக்க வேண்டும்: இன்று எந்தப் பணி வாட்டியது, எதில் நேரம் போனதே தெரியவில்லை? வாட்டம் மேலாளரையோ பணிநேரத்தையோ சுற்றியே வந்தால் நிறுவனம் மாறினால் போதும். நல்ல விடுப்புக்குப் பிறகும் தொழிலின் மையமான வேலையே கசந்தால்தான் துறை மாற்றம்.

ஆற்றல் வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைதல் என உலக சுகாதார நிறுவனம் 2019-இல் விளக்கிய பணிச்சோர்வு இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். அந்த நிலையில் எந்தத் துறையும் பிடிக்காது.

6 மாதச் செலவுக்குப் பணம் சேரும்வரை ராஜினாமா வேண்டாம். கையிருப்பு கரைந்தால் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்ள நேரும். அதற்குள் புதிய துறையில் சிறு பணி ஒன்றை விடுமுறை நாளில் செய்து பாருங்கள்.

இப்படிக்கு,
பணி வழிகாட்டல் ஆலோசகர்கள்