கிழ ஓநாய்க்கும் ஒரு கொடையாளர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வனவிலங்குச் சரணாலயத்தில் ஓநாய் பார்க்கப் போய் ஏமாந்து திரும்பியதாக வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். புதருக்குள் ஒரு வால் மட்டும்தான் தெரிந்ததாம். இதற்கு எதற்கு நன்கொடை, பேசாமல் காட்டிலேயே விட்டுவிடலாமே என்று கேட்டிருக்கிறார். ஓநாய்களைப் பராமரிக்கும் வேலையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அவர் குறை சொன்ன அந்தப் புதர் அங்கே இருக்கிறதே என்றுதான் எனக்குச் சந்தோஷம்.

ஓநாய் மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும். ஒதுங்க இடமில்லாத அடைப்பில் அது வேலியோரமாக நடக்க ஆரம்பிக்கும். ஒரே தடம், ஒரே மூலையில் ஒரே மாதிரித் திரும்பல். நாளடைவில் அந்தத் தடத்தில் புல் முளைக்காது, மண் பள்ளமாகிவிடும். சில ஓநாய்கள் கம்பியைக் கடித்துக் கோரைப் பல்லை உடைத்துக்கொள்ளும். வெளியே நிற்பவர்கள் "என்ன சுறுசுறுப்பு!" என்று படம் எடுப்பார்கள். உள்ளே இருப்பது தவிக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நல்ல மறைவும், ஏறிப் படுக்க ஒரு மேடும், தோண்டுவதற்கு மண்ணும் கிடைத்த ஓநாய் பகலில் பெரும்பாலும் தூங்கும்.

தோண்டுவது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மண்ணுக்கு மேலே தெரியும் வேலிக் கம்பிக்கு ஆகும் செலவைப் போல, மண்ணுக்குள் புதைக்கும் கம்பிவலைக்கும் செலவாகும். நுழைவில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் வேண்டும். பக்கத்தில் ஒரு காலி அடைப்பும் வேண்டும். நன்கொடை கேட்டுப் போகும்போது இந்தக் காலி அடைப்பைத்தான் யாருக்கும் புரியவைக்க முடியாது. "ஓநாயே இல்லாத கூண்டுக்கு எதற்குப் பணம்?" என்பார்கள்.

காரணம் இருக்கிறது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குப் பூங்காவில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து, அவை தலைமைக்காக ஓயாமல் மோதுகின்றன என்று எழுதினார். மற்றவற்றை அடக்கி ஆளும் தலைவன், அதாவது 'ஆல்ஃபா' ஓநாய் என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக்கும் 1970இல் அதையே எழுதினார். பிறகு அவரே கனடாவின் வடகோடியில் இருக்கும் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைகாலம் இருந்து பார்த்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய ஒரு குடும்பம்தான் என்று 1999இல் திருத்தி எழுதினார். காட்டில் வளர்ந்த பிள்ளை ஓரிரு வயதில் தானாகக் கிளம்பிப் போய்விடும். அடைப்பில் அது எங்கே போகும்? இணைசேரும் பருவம் வந்ததும் கடிபடும். அப்போது பிரித்து வைக்க இடம் இல்லையென்றால் ஓர் உயிர் போய்விடும். காலி அடைப்பு அதற்குத்தான்.

சரி, காட்டில் விடும் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் செந்நிற ஓநாய் இனத்தை 1980இல் காட்டில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். அடைப்பில் இருந்த 14 ஓநாய்களின் வம்சத்தைப் பெருக்கி, 1987இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மறுபடியும் காட்டில் விட்டார்கள். அங்கே மனித வாடையே பழகாதபடி வளர்க்கிறார்கள். அடைப்பில் பிறந்த குட்டியை, இரண்டு வாரத்துக்குள்ளாகவே காட்டு ஓநாயின் வளைக்குள் கொண்டுபோய் வைப்பதும் உண்டு. தாய் ஓநாய் அதையும் சேர்த்து வளர்த்துவிடுகிறது. ஆனால் யாரோ வீட்டில் ஆசைக்கு வளர்த்து, கடிக்க ஆரம்பித்ததும் சரணாலயத்தில் கொண்டுவந்து தள்ளிய ஓநாய்க்கு இந்த வழி கிடையாது. மனிதரிடம் பயம் போய்விட்டது, வேட்டை தெரியாது. காட்டில் ஏற்கெனவே இருக்கும் கூட்டம் அதைத் தன் எல்லைக்குள் விடாது. அதற்குச் சரணாலயம்தான் கடைசி வரைக்கும் வீடு.

அந்தக் 'கடைசி வரைக்கும்' என்பதைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். காட்டு ஓநாய் பெரும்பாலும் ஏழெட்டு வயதைத் தாண்டாது. பராமரிப்பில் இருப்பது பதினான்கு, பதினைந்து வயது வரைகூட இருக்கும். நன்கொடையோ குட்டிக்குத்தான் வருகிறது. குட்டியின் படத்தைப் போட்டதும் அதைத் தத்தெடுக்க, அதாவது அதன் பராமரிப்புச் செலவை ஏற்க, பெயர்கள் குவியும். அடுத்த வருடம் அந்தப் பெயர்களில் பாதி இருக்காது. அது கிழடாகி, இடுப்பு மூட்டு பிடித்துக்கொண்டு, எழுந்திருக்கவே யோசிக்கும்போது பட்டியலில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். மருத்துவச் செலவு அப்போதுதான் கூடுகிறது.

எங்களிடம் ஒரு வயதான பெண் ஓநாய் இருந்தது. வலிக்கான மாத்திரையை இறைச்சிக்குள் வைத்துக் கொடுப்போம். இறைச்சியை விழுங்கிவிட்டு, மாத்திரையை மட்டும் நாக்கால் தள்ளி ஈரத்தோடு தரையில் விட்டுவிடும். கடைசியில் ஈரலைக் கீறி உள்ளே திணித்தால்தான் போகும். கோடையில் ஈக்கள் காது நுனியைக் கடித்துப் புண்ணாக்கும். நீளக் கோலில் துணி சுற்றி, வேலிக்கு வெளியிலிருந்து மருந்து தடவுவோம். காதை மடக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். ஊசிக்கும் அப்படித்தான், தொடையை வேலியோடு ஒட்டி நிற்கப் பழக்கியிருந்தோம். மயக்க ஊசி சுட்டுப் பிடிக்கிற ஆபத்து வேண்டாமே என்று எத்தனையோ பொறுமையான சாயங்காலங்கள் அதற்குப் போயின. வெறிநாய்க்கடி நோய்க்கும் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸுக்கும் போடுகிற தடுப்பூசி, குடற்புழு மருந்து, உடைந்த பல்லுக்குச் சிகிச்சை, ராத்திரிக் காவலுக்கு ஆள் என்று பணம் போகும் இடங்களில் படம் எடுக்க எதுவும் இல்லை.

குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்க விடும் இடங்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் படத்துக்காகவே கண் திறக்கும் முன்னே குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். அந்த வருமானத்துக்காக மேலும் மேலும் குட்டி போட வைக்கிறார்கள். வளர்ந்த பிறகு அவை எங்கே போகின்றன என்று கேட்டுப் பாருங்கள். பதிலை வைத்தே அந்த இடத்தை எடைபோட்டுவிடலாம்.

சரணாலயங்களும் ஒரு காரியம் செய்யலாம். தத்தெடுப்புத் திட்டத்தை ஒரு வருடத்துக்கு என்று இல்லாமல், ஓர் ஓநாயின் ஆயுளுக்கு என்று மாதாமாதம் சிறு தொகையாக வாங்கலாம். எந்த ஓநாய்க்கு என்ன வயது, என்ன நோய், ஆதரவாளர் இருக்கிறாரா என்று வாசலில் எழுதி வைக்கலாம். உங்கள் பத்திரிகையும் அடுத்த முறை ஓநாய்க்குட்டிகள் பிறந்த செய்தியைப் போடும்போது, அதே சரணாலயத்தில் ஆதரவாளர் இல்லாத கிழ ஓநாய்களின் விவரத்தையும் கேட்டு வாங்கிப் பக்கத்திலேயே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓநாய்ப் பராமரிப்பாளர் ஒருவர்