பக்கத்து லயத்துப் பெண்ணின் பெயர்

ஸ்டுட்கார்ட் அருகே,
அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தம்பியும் அப்பாயியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். அம்மா அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. வர்க்கியில் பாதி நொறுங்கியிருந்தது. நொறுங்கியதையும் ஒரு துணுக்கு விடாமல் தேநீரில் போட்டுச் சாப்பிட்டேன். தேயிலைத்தூளை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை. அது யாருக்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

போன ஞாயிறு இங்கே அறுப்பின் பண்டிகை. பீடத்தின் முன்னால் பூசணி, முட்டைக்கோஸ், ஆப்பிள், கோதுமைக் கதிர், பெரிய பெரிய ரொட்டிகள். கேரட்டைப் பார்த்ததும் எனக்கு நம் கோயில் ஞாபகம் வந்துவிட்டது. மண் போகக் கழுவி, தழையோடு கட்டி, மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து வைப்பார்களே! இங்கே ஏலம் கிடையாது. படைத்ததை எல்லாம் ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது நல்ல காரியம்தான். ஆனாலும் ஒற்றை முட்டையை ஏலம் எடுத்து, எடுத்தவரே திரும்ப ஏலத்துக்குக் கொடுத்து, அது கோயில் முழுக்கச் சுற்றிவரும்போது எழும் சிரிப்பு இங்கே இல்லை. அந்தச் சிரிப்பும் காணிக்கையில் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன்.

போன தடவை பேசியபோது நீங்கள் ஒன்று சொன்னீர்கள். பாஷை புரியாத கோயிலில் போய் உட்காருவதைவிட நம் கோயில் ஆராதனையை ஃபோனில் பார்த்துக்கொள், எங்கே கேட்டாலும் வசனம் வசனம்தானே என்றீர்கள். நான் பதில் சொல்லவில்லை. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அதோடு, அந்தப் பதில் ஃபோனில் சொல்லி முடிகிற பதிலும் அல்ல. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வந்த புதிதில் நான் அப்படித்தான் செய்தேன், அப்பா. நம் காலை 9 மணி ஆராதனை இங்கே கோடையில் 5.30 மணி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்து கேட்பேன். கீர்த்தனை பாடும்போது பக்கத்து அறைக்குக் கேட்காமல் நானும் மெதுவாகப் பாடுவேன். பிரசங்கம் ஒரு வார்த்தை விடாமல் புரியும். ஆனால் ஒரு ஞாயிறு காய்ச்சலில் தூங்கிவிட்டேன். நான் வரவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. நம் கோயிலில் அம்மா ஒரு ஞாயிறு வராவிட்டால், மத்தியானத்துக்குள் மூன்று பேராவது வாசலில் வந்து நின்று, என்ன உடம்புக்கு என்று கேட்டுவிடுவார்கள். வசனத்தை எங்கிருந்தும் கேட்டுவிடலாம். நான் உட்காரும் இடம் காலியாக இருந்தால் கவனிப்பதற்கு ஆள் வேண்டாமா?

அதனால் இங்குள்ள கோயிலுக்கும் போய்ப் பார்த்தேன். அழகான பழைய கோயில், அருமையான ஆர்கன். ஆராதனை முடிந்ததும் எல்லோரும் போதகரிடம் கைகொடுத்துவிட்டு அவரவர் வழியில் போய்விட்டார்கள். என்னிடம் ஒருவரும் பேசவில்லை. அன்னியரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற மரியாதை அது என்று இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை. அழுதுகொண்டேதான் அறைக்கு நடந்தேன். சபையாராகப் பதிந்துகொண்டவர்களுக்கு இங்கே சபை வரி உண்டு. இந்த மாநிலத்தில் வருமான வரியில் 8 சதவீதம், சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். கையால் உறையில் போட்டுக் கொடுத்துப் பழகிய எனக்கு அதுவும் முதலில் ஏதோ போல் இருந்தது.

மாதம் ஒருமுறை ஈழத்தமிழ்க் குடும்பங்கள் கூடும் தமிழ் ஆராதனை ஒன்றும் இருக்கிறது. ரயிலில் ஒன்றரை மணி நேரம். டியூட்டி இல்லாத மாதங்களில் போகிறேன். அவர்கள் ‘தேத்தண்ணி’ என்று சொல்லும்போதெல்லாம் அப்பாயி கூப்பிடுவதுபோலவே இருக்கிறது.

ஆனால் எனக்கு இங்கே சபை என்று ஒன்று கிடைத்தது நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில்தான். அங்கே 90 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். தினமும் காலையில் அவர் மேஜையில் ஒரு சின்ன நீலப் புத்தகம் இருக்கும். ஒவ்வொரு நாளுக்கும் பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு வசனம், அதற்குப் பொருத்தமாகப் புதிய ஏற்பாட்டிலிருந்து ஒன்று. ஹெர்ன்ஹூட் என்ற ஊரில், சுமார் 1,800 வசனங்களிலிருந்து சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். 1731 முதல் வருஷம் தவறாமல் அச்சாகிறதாம். சீட்டு என்றதும் எனக்குப் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனைதான் ஞாபகம் வந்தது. தட்டில் கவிழ்த்து வைத்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்போமே, அதேதான். நாம் வருஷத்துக்கு ஒன்று எடுக்கிறோம், இவர்கள் நாளுக்கு ஒன்று எடுக்கிறார்கள்.

பாட்டிக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. ஒரு நாள் புத்தகத்தை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அப்போது என் ஜெர்மன் பரீட்சைக்குப் படித்த ஜெர்மன். பாதியில் ஒரு நீளமான வார்த்தையில் தடுக்கி நின்றுவிட்டேன். அவர் காத்திருந்தார். பிறகு புத்தகத்தைப் பார்க்காமலே மீதி வசனத்தைத் தானே சொல்லி முடித்தார். அது 121ஆம் சங்கீதம். எனக்கும் அது மனப்பாடம் என்று சொன்னேன். “உன் பாஷையில் சொல்” என்றார். கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டு, ‘எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக’ என்று தொடங்கி எட்டு வசனமும் தமிழில் சொன்னேன். முடியும்வரை அவர் என் விரல்களை விடவில்லை. அவர் ஜன்னலிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு மலைத்தொடர் தெரியும். தொட்டபெட்டாவின் பாதி உயரம்கூட இல்லாத மலைகள். அந்த நிமிஷத்தில் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவர்தான் தம்மை ஒரு வீட்டுக் கூட்டத்துக்கு அழைத்துப்போகும்படி என்னிடம் சொன்னார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, செவ்வாய் மாலை, அவருடைய மகள் வீட்டில். இதை இவர்கள் ‘ஷ்டுண்டே’ என்கிறார்கள். மணி நேரம் என்று அர்த்தம். இந்தப் பகுதியில் இது மிகப் பழைய வழக்கம். கோயிலுக்கு வெளியே வீட்டில் கூடி வேதம் வாசிப்பதைச் சந்தேகத்தோடு பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1743இல், அன்று இந்தப் பகுதியை ஆண்ட வூர்ட்டம்பெர்க் அரசு ஆணையிட்டு, சில நிபந்தனைகளோடு அதை அனுமதித்தது. பெரிய பிரசங்கியார் யாரும் இல்லாமல், விவசாயியும் நெசவாளியும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற கூட்டம். நம் லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு வீடு முறைவைத்து நடக்கும் ஜெபக்கூட்டம் மாதிரிதான்.

நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவேன். எட்டு ஒன்பது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். மேஜையில் சடை போலப் பின்னிச் சுட்ட இனிப்பு ரொட்டி இருக்கும். ஒரு பாமாலை, ஒரு வேதபாகம், பிறகு மௌனம். நம் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்போமே, இங்கே ஒருவர் முடித்த பிறகுதான் இன்னொருவர். நடுவில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கும். முதல் தடவை, நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனோ என்றுகூடப் பயந்தேன். இரண்டாவது தடவைதான் தெரிந்தது, அடுத்தவர் வார்த்தை தேடுவதற்குக் கொடுக்கும் நேரம் அது என்று. என்னைப் போல் பாஷை திணறுகிறவளுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் ஏது?

இதையும் கேளுங்கள். அங்கே வரும் வயதான விவசாயி ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். நீலகிரி என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. நீல மலைகள் என்று அவர் பாஷையில் சொல்லிவிட்டு, “கேத்தி?” என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது, அப்பா. ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் ரயில் நிற்கும் அதே கேத்தி. சுவிட்சர்லாந்தின் பாசெல் மிஷன் 1846இல் அங்கே வந்தது. அங்கே குடியிருந்து படகமொழி கற்றுப் பள்ளிக்கூடம் வைத்த கேசமேஜர் என்ற நீதிபதி தம் சொத்தை அவர்களுக்கு விட்டுச் சென்றார். இதெல்லாம் ஞாயிறு பள்ளியில் கேட்டதுதான். எனக்குத் தெரியாமல் இருந்தது இந்தப் பக்கத்துக் கதை. அந்த மிஷனரிகளில் பலர் இந்த வூர்ட்டம்பெர்க் கிராமங்களிலிருந்து போனவர்கள். அவர்கள் எழுதிய கடிதங்களை இதே போன்ற வீட்டுக் கூட்டங்களில் உரக்க வாசிப்பார்களாம். மிஷனுக்காக வாரம் ஒரு சின்னக் காசு சேர்த்துவைப்பார்களாம். மெட்ஸ் என்பவர் படகர் ஊர்களுக்கெல்லாம் கால்நடையாகவே போய்க்கொண்டிருந்தார். ஆனாலும் முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல்தான். பன்னிரண்டு வருஷம்! சொல்லிக்கொள்ள ஒன்றும் நடக்காத வருஷங்களிலும் ஒருவர் அங்கிருந்து எழுதியிருக்கிறார். இங்கே ஒரு மேஜையைச் சுற்றிச் சிலர் அதைக் கேட்டு ஜெபித்திருக்கிறார்கள்.

அந்த விவசாயி, “இப்போது நீ சொல்” என்றார்.

என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சாட்சி என்று சொல்ல என்னிடம் பெரிதாக என்ன இருக்கிறது? அப்போதுதான் அப்பாயியின் சாட்சி வாயில் வந்தது. வருஷக் கடைசி ஸ்தோத்திர ஆராதனையில் வருஷந்தோறும் சொல்வாரே, அது. அடுத்த வரி என்னவென்று எங்களுக்கெல்லாம் முன்பே தெரியும். சின்ன வயதில் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்தும் இருக்கிறேன். அதை என் திக்கித்திணறும் ஜெர்மனில் சொன்னேன். இலங்கையின் அட்டனில் பிறந்து அங்கேயே கொழுந்து எடுத்தவர் என்பது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எண்ணப்பட்ட 5,25,000 பேரில் ஒருவராக, உங்களைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறியது. மண்டபம் முகாம். பிறகு மலை ஏறி, அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயின் லயத்தில் கதவு பொருத்தாத ஒரு வீடு. அந்த முதல் ராத்திரிக் குளிர். உங்களுக்கு உதடு நீலம் பாய்ந்தது. அப்போது முன்பின் தெரியாத ஒரு பெண், பக்கத்து லயத்திலிருந்து குமுட்டி அடுப்பைக் கரித்தணலோடு சாக்கில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தது. வைத்துவிட்டுப் போய்விடாமல், விடியும்வரை உட்கார்ந்து கரி போட்டுக்கொண்டே தான் வந்த கதையைச் சொன்னது. குமுட்டிக்கு ஜெர்மனில் என்ன வார்த்தை என்று தெரியாமல் கையால் வட்டம் போட்டுக் காட்டினேன்.

முடித்ததும் மௌனம். அன்றைக்கு அது நீண்டது. பிறகு பாட்டி பேசினார். அவரும் அப்படி வந்தவர்தான், அப்பா! எனக்கு அதுவரை தெரியாது. அவருடைய முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் இந்த வூர்ட்டம்பெர்க்கிலிருந்து பிழைக்கப் போனவர்கள். போன இடம் கருங்கடல் பக்கம், பெசராபியா. நூறு வருஷத்துக்கு மேல் அங்கே உழுது வாழ்ந்தார்கள். 1940இல் ஓர் ஒப்பந்தம். சுமார் 93,000 பேரை ‘தாய்நாட்டுக்கு’ என்று கிளப்பினார்கள். ஐந்து வயதில் அவர் டான்யூப் ஆற்றில் கப்பல் ஏறினார். ஜெர்மனி பிடித்துவைத்திருந்த போலந்தில் யாரோ துரத்தப்பட்ட வீட்டில் குடிவைத்தார்கள். அடுப்பில் அந்த வீட்டார் வைத்த பானை அப்படியே இருந்ததாம். 1945 ஜனவரியில் அங்கிருந்தும் பனியில் குதிரை வண்டியில் ஓட்டம். கடைசியில் இங்கே ஒரு கிராமத்தில், அவர்களை வேண்டா வெறுப்பாகப் பார்த்த ஊரில், ஒரே ஒரு வீட்டில் கதவு திறந்து, ‘எங்கள் ஷ்டுண்டேக்கு வருகிறீர்களா’ என்று கேட்டார்கள். அந்த வீட்டு மேஜைதான் நாங்கள் உட்கார்ந்திருந்த மேஜை. பாட்டி அந்த வீட்டுக்கே மருமகளாகப் போனவர்.

மேஜையைத் தடவிக்கொண்டே சொன்னார். ஓர் ஓரத்தில் கத்தி கிழித்த தழும்பு இருக்கிறது. அது மேலே விரல் போகும்போதெல்லாம் கொஞ்சம் நின்று நின்று போயிற்று. அவருடைய மகளே அந்தப் பானை விஷயத்தை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டாராம்.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய் நான் நைட் டியூட்டியில் மாட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் என் அறைக் கதவில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே சடை ரொட்டியில் இரண்டு துண்டு, ‘உன் நாற்காலி காலியாக இருந்தது’ என்று ஒரு சீட்டு. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான், அப்பா. நம் கோயில் ஆராதனையையும் விடமாட்டேன், முடிந்தபோதெல்லாம் பார்க்கிறேன். ஆனால் என்னைத் தேடுகிற இடம் இங்கே ஒன்று இருக்கிறது.

தேயிலைத்தூள் பாட்டிக்கு. அப்பாயி கொழுந்து எடுத்த நம் மலையிலிருந்து வந்தது என்று சொல்லி, அடுத்த செவ்வாய் அங்கேயே பிரித்து, நம் வீட்டில் போடுவதுபோல் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுக்கப்போகிறேன்.

ஒரு காரியம் நீங்கள் செய்ய வேண்டும். அன்று எல்லோரும் எழுந்த பிறகு பாட்டி என்னிடம், “அந்த அடுப்பைக் கொண்டுவந்த பெண்ணின் பெயர் என்ன?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் அப்பாயி ‘பக்கத்து லயத்துக்காரி’ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். நாமும் யாரும் கேட்டதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும் என்கிறார் பாட்டி. அப்பாயி சாயங்காலம் வெயில் காய உட்காரும்போது, பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள். உடனே ஞாபகம் வராவிட்டால் அவசரப்படுத்த வேண்டாம், காத்திருங்கள். பெயர் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உங்கள் அன்பு மகள்