அச்சுக்குப் போகும் முன்பே விளம்பரம் தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் புத்தகம் எழுதுபவர்கள் பெரும்பாலும் பிரதிகள் கைக்கு வந்த பிறகுதான் ‘இதை எப்படி விற்பது?’ என்று கேட்கத் தொடங்குகிறார்கள். செலவில்லாமல் செய்யக்கூடிய வேலைகளில் பெரும்பகுதிக்கு அதற்குள் காலம் கடந்திருக்கும். மிச்சம் இருப்பவை காசு கொடுத்துச் செய்யும் வேலைகள்தான். அந்த நேரம் பார்த்து ‘விளம்பரப் பேக்கேஜ்’ விற்பவர்கள் வந்து நிற்கிறார்கள். புது எழுத்தாளர்களின் சேமிப்பு இங்கேதான் கரைகிறது. இதைத் தவிர்க்க வழி இருக்கிறது என்பதால் இந்தக் கடிதம்.

புத்தகத்துக்குள்ளேயே இருக்கும் விளம்பரத்தைப் பலர் கவனிப்பதில்லை. அமேசானின் கிண்டில் போன்ற தளங்களில் மின்னூலின் தொடக்கப் பகுதி, ஏறக்குறைய முதல் 10 சதவீதம், மாதிரியாக இலவசமாகக் கிடைக்கிறது. 120 பக்க நூல் என்றால் 12 பக்கம். இரண்டு அணிந்துரை, ஒரு வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை, பொருளடக்கம் என்று அடுக்கினால் அந்த 12 பக்கமும் அங்கேயே முடிந்துவிடும். வாசகர் முதல் அத்தியாயத்தின் ஒரு வரியைக்கூடப் பார்க்காமல் வெளியேறுவார். நன்றியுரையையும் வாழ்த்துரைகளையும் நூலின் கடைசிக்கு மாற்றுங்கள். அணிந்துரை முன்னால் இருந்தே ஆகவேண்டும் என்றால் ஒன்று, இரண்டு பக்கத்துக்குள் போதும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் பக்க வடிவமைப்பு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது பின்னட்டைக் குறிப்பு. இணையத்தில் இதுவே நூல் விவரமாகவும் பயன்படும். எழுத்தாளர்கள் தாங்களே நூலை வெளியிட உதவும் அமேசானின் கேடிபி தளம் நூல் விவரத்துக்கு 4,000 எழுத்துகள் வரை இடம் தருகிறது. அத்தனையையும் நிரப்பத் தேவையில்லை. கைப்பேசியில் முதல் சில வரிகள்தான் திறந்த நிலையில் தெரியும். மற்றதெல்லாம் ‘மேலும் படிக்க’ என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அந்த வரிகளில் ‘வளர்ந்துவரும் எழுத்தாளரான இவர்’ என்று தொடங்கினால் வாய்ப்பு அங்கேயே போயிற்று. நாவல் என்றால் யாருக்கு என்ன சிக்கல், தோற்றால் எதை இழப்பார் என்பது முதல் இரண்டு வாக்கியங்களில் வரட்டும். கட்டுரை நூல் என்றால் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது, யாருக்காக எழுதப்பட்டது என்பது வரட்டும். எழுத்தாளர் அறிமுகம் கடைசிப் பத்தியில், 50 சொற்களில். எழுதி முடித்ததும், நூலைப் படிக்காத மூவரிடம் அதைக் காட்டி, ‘இது எதைப் பற்றிய புத்தகம்?’ என்று கேளுங்கள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் திருப்பி எழுதத்தான் வேண்டும்.

அட்டையை யாரும் முதலில் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. கட்டைவிரல் அகலத்துக்குச் சுருங்கிய படமாகக் கைப்பேசித் திரையில் பார்க்கிறார்கள். வடிவமைப்பாளர் அனுப்பும் அட்டையை அந்த அளவுக்குச் சுருக்கி, ஒருமுறை வண்ணத்திலும் ஒருமுறை கறுப்பு வெள்ளையிலும் பாருங்கள். தலைப்பு வாசிக்க முடியாமல் போனால் எழுத்து மெலிந்திருக்கிறது, அல்லது பின்னணியோடு கலந்திருக்கிறது.

இணையத்தில் நூலைப் பதிவேற்றும்போது வரும் தேடுசொல் பெட்டிகளை அவசரத்தில் நிரப்பிவிடுகிறார்கள். கேடிபியில் 7 பெட்டிகள் உண்டு. 3 வகைமைகளைத் தேர்ந்தெடுக்கலாம். தலைப்பில் உள்ள சொல்லையே பெட்டியிலும் போடுவது வீண். ‘நாவல்’, ‘புத்தகம்’ போன்ற பொதுச் சொற்களும் அப்படித்தான், அவற்றைத் தேடுபவர் பல்லாயிரம் நூல்களுக்கு நடுவே உங்களை எட்ட மாட்டார். ‘கடலோரக் குடும்பக் கதை’, ‘முதல் குழந்தை வளர்ப்புக் கையேடு’ என்று வாசகர் நிஜமாகவே தட்டச்சு செய்யக்கூடிய தொடர்களைத் தேடல் பெட்டியில் நீங்களே அடித்துப் பாருங்கள். எந்த நூல்கள் வருகின்றன, உங்கள் நூல் அவற்றோடு நிற்குமா என்பது தெரிந்துவிடும். பிற எழுத்தாளர்களின் பெயரைத் தேடுசொல்லாகப் போடுவது விதிமீறல்.

ஐஎஸ்பிஎன் விஷயத்திலும் பின்னால் திருத்த முடியாத ஒரு தவறு நடக்கிறது. நூலை அடையாளம் காட்டும் 13 இலக்கம் கொண்ட இந்த எண், சாதா அட்டைக்கு ஒன்று, கெட்டி அட்டைக்கு ஒன்று என்று பதிப்பின் வடிவம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேண்டும். அச்சு நூலுக்குக் கேடிபி இலவசமாகத் தரும் எண்ணை அந்தத் தளத்துக்கு வெளியே பயன்படுத்த முடியாது. கடைகளுக்கும் நூலகங்களுக்கும் அதே பதிப்பைக் கொண்டுபோக நினைப்பவர்கள் சொந்தமாக எண் பெற்றுக்கொள்வது நல்லது. இதேபோல ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் மின்னூலைச் சேர்த்தால் அதை 5 நாள் இலவசமாகக் கொடுக்கும் வசதி கிடைக்கும். பதிலுக்கு 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் விற்பனைக்கோ இலவசமாகவோ வைக்கக் கூடாது. உங்கள் சொந்த வலைத்தளமும் ‘வேறெங்கும்’ என்பதில் அடங்கும். 90 நாள் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதை மறந்து, நான்காம் மாதம் வேறு தளத்தில் பதிவேற்றிச் சிக்கலில் மாட்டுகிறார்கள். அச்சுப் பதிப்புக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

மேலே சொன்னதெல்லாம் ஒரு வாரத்து வேலை. உண்மையான உழைப்பு முன்பிரதிகளில், அதாவது மதிப்புரைக்காக வெளியீட்டுக்கு முன்பே அனுப்பும் பிரதிகளில் இருக்கிறது. வெளியீட்டுக்கு 6 முதல் 8 வாரம் முன்னதாக, அந்த வகை நூல்களை வழக்கமாகப் படிக்கும் 30 பேரைத் தேடிப் பிடியுங்கள். நண்பர்கள், உறவினர்கள் இந்தப் பட்டியலில் வேண்டாம். நெருங்கியவர்களின் மதிப்புரைகளை அமேசான் ஏற்பதில்லை, கண்டுபிடித்தால் நீக்கிவிடும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. சமையல் நூல் மட்டுமே வாங்கும் சித்தியும் பங்குச்சந்தை நூல் மட்டுமே வாங்கும் நண்பரும் உங்கள் துப்பறியும் நாவலை முதல் நாளே வாங்கினால், அதை யாருக்குப் பரிந்துரைப்பது என்று தளத்துக்குக் குழப்பமாகிவிடலாம். அன்போடு செய்யும் உதவிதான். ஆனாலும் அவர்களுக்கு அச்சுப் பிரதியைக் கையில் கொடுத்துவிடுவது மேல்.

அந்த 30 பேருக்கும் ஈபப் (மின்னூல் கோப்பு), பிடிஎஃப் இரண்டு வடிவத்திலும் அனுப்புங்கள். தனித்தனி மடல், பெயர் சொல்லி. ‘பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் உங்கள் கருத்தை எழுதலாம், எழுதியே ஆகவேண்டும் என்பதில்லை’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மதிப்புரை எழுதவேண்டும் என்ற நிபந்தனையோடு இலவசப் பிரதி கொடுப்பது, காசு கொடுத்து எழுத வைப்பது, ‘நீ எனக்கு, நான் உனக்கு’ என்று மாற்றிக்கொள்வது மூன்றுமே விதிக்குப் புறம்பானவை. வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு நினைவூட்டல், வெளியீட்டு நாளில் நூல் பக்கத்தின் இணைப்போடு ஒன்று. அதற்கு மேல் தொந்தரவு செய்யக் கூடாது. 30 பேரில் 10 பேர் எழுதினால் மனநிறைவு கொள்ளலாம்.

சமூக ஊடகத்தில் பின்தொடர்பவர்களைச் சேர்ப்பதைவிட மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்ப்பது எத்தனையோ மடங்கு பயன் தரும். உங்கள் பதிவை யாருக்குக் காட்டுவது என்பதை ஊடக நிறுவனம் தீர்மானிக்கிறது. முகவரிப் பட்டியல் உங்களுடையது. முகவரி கேட்க மிகச் சிறந்த இடம் நூலின் கடைசிப் பக்கம். முடித்த கையோடு இருக்கும் வாசகரிடம், ‘இந்தப் பாத்திரத்தின் முன்கதையை ஒரு சிறுகதையாக அனுப்புகிறேன், முகவரி தாருங்கள்’ என்று ஓர் இணைப்பு வையுங்கள். அச்சு நூலில் அதையே கியூஆர் குறியாகப் போடலாம். சேர்ந்தவர்களுக்கு மாதம் ஒரு மடல் போதும். இதில் வழக்கமாக நேரும் பிழை, 200 பேரின் முகவரியையும் பெறுநர் வரியில் போட்டு எல்லோருக்கும் எல்லோருடைய முகவரியையும் காட்டிக் கொடுப்பது. தனிநபர் ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்பவும் முடியாது. அஞ்சல் பட்டியலுக்கென்றே உள்ள சேவைகளில், சிறு பட்டியல்களைக் கட்டணமின்றிக் கையாள்பவையும் உண்டு. சம்மதித்தவர்களை மட்டும் சேர்த்து, விலகும் இணைப்பையும் மடலின் கீழே வையுங்கள்.

அச்சுப் பிரதியைக் கடையில் வைக்க நினைப்பவர்கள் விலையை அச்சிடும் முன் கணக்குப் போடவேண்டும். விலை 100 பங்கு என்றும், கடைக்குக் கழிவு 40 பங்கு, அச்சுச் செலவு 35 பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். மிஞ்சும் 25 பங்கில் தபாலும் சேதமும் இலவசப் பிரதியும் போகவேண்டும். நடுவில் விநியோகஸ்தர் வந்து மொத்தக் கழிவு 55 ஆனால் மிஞ்சுவது 10 பங்குதான். விற்றபின் பணம் என்ற முறையில் வைத்தால் எத்தனை பிரதி, எவ்வளவு கழிவு, எந்தத் தேதிக்குள் கணக்குத் தீர்ப்பது என்று எழுதி ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். தேவைக்கேற்ப அச்சிடும் வசதி இருக்கும்போது, ஒரு பிரதிக்கான செலவு குறைகிறதே என்று முதல் நூலை 1,000 பிரதி அடிப்பது தவறான சிக்கனம். விற்காத பிரதியின் செலவும் விற்ற பிரதியின் தலையில்தான் ஏறும். 100 பிரதியில் தொடங்கலாம்.

கட்டண விளம்பரத்துக்குப் போவதானால் இன்னொரு கணக்கு. ஒரு பிரதி விற்றால் உங்கள் கையில் நிற்பது 40 ரூபாய் என்று கொள்வோம். நூல் பக்கத்துக்கு வரும் 20 பேரில் ஒருவர் வாங்கினால், விளம்பரத்தின் மீதான ஒரு கிளிக்குக்கு 2 ரூபாய்க்கு மேல் கொடுப்பது நஷ்டம். 50 பேரில் ஒருவர்தான் வாங்குகிறார் என்றால் 0.80 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது. 100 கிளிக் வந்தும் ஒரு பிரதிகூட விற்கவில்லையா, விளம்பரத்தை உடனே நிறுத்துங்கள். வந்தவர்கள் வந்துதான் போயிருக்கிறார்கள். குறை அட்டையிலோ விவரத்திலோ விலையிலோ இருக்கிறது, அல்லது விளம்பரம் தவறான ஆட்களை அழைத்துவந்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

பேக்கேஜ் விற்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. ‘10,000 பேருக்குக் கொண்டுபோவோம்’ என்பார்கள். அந்தப் பக்கங்களுக்குப் போய்ப் பின்தொடர்பவர்களைப் பாருங்கள்; பாதிக்கு மேல் உங்களைப் போன்ற புது எழுத்தாளர்களாக இருந்தால் அங்கே நூல் வாங்க யாரும் இல்லை. ‘பெஸ்ட்செல்லர்’ பட்டம் வாங்கித் தருவதாகச் சொன்னால், எந்த வகைமையில், எத்தனை மணி நேரத்துக்கு என்று கேளுங்கள். ஆளில்லாத உட்பிரிவில் நூலைப் போட்டு, ஒரே மணி நேரத்தில் சில பிரதிகள் வாங்கவைத்தால் அந்தப் பட்டம் வந்துவிடும், மறுநாள் போய்விடும். கையெழுத்திடும் முன் எந்தத் தேதியில் என்ன வேலை, அதற்கு என்ன சான்று, தளக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம், அட்டையின் மூலக்கோப்பு யாருக்குச் சொந்தம், ஐஎஸ்பிஎன் யார் பெயரில் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்குபவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

கடைசியாகத் தங்களுக்கும் பிற இதழாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாளிதழில் வரும் நான்கு வரி நூல் அறிமுகம் புது எழுத்தாளருக்கு எந்தப் பேக்கேஜையும்விட மதிப்புள்ளது. ஆனால் அதற்கு எப்படி அனுப்புவது என்பது பலருக்குத் தெரிவதில்லை. முழு நூலின் பிடிஎஃப்பை முன்னறிவிப்பின்றி இணைத்து அனுப்புகிறார்கள், பிறகு தினமும் தொலைபேசியில் அழைக்கிறார்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்க எண்ணிக்கை, விலை, ஐஎஸ்பிஎன், வெளியீட்டுத் தேதி, 200 சொல்லில் உள்ளடக்கம், அச்சுக்கு ஏற்ற 300 டிபிஐ தெளிவுள்ள அட்டைப்படம் ஆகியவை அடங்கிய ஒரு பக்கக் குறிப்பு போதும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. நூல் அறிமுகப் பக்கத்தின் அடியில் எத்தனை பிரதி, யாருக்கு, வெளியீட்டுக்கு எத்தனை வாரம் முன்பு அனுப்ப வேண்டும், எந்த வகை நூல்களை எடுத்துக்கொள்வதில்லை என்று ஐந்து வரி தொடர்ந்து வெளியிட்டால் எழுத்தாளர்களின் தபால் செலவும் தங்கள் அலுவலகத்தின் நேரமும் மிச்சமாகும். அருள்கூர்ந்து பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பதிப்புத் துறையிலிருந்து ஒரு வாசகர்