நஹலால் கிபுட்ஸ் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

இஸ்ரேலின் நஹலால் பற்றிய கட்டுரையில் அந்த ஊரைக் 'கிபுட்ஸ்' (எல்லாம் பொதுவாக நடக்கும் கூட்டுப் பண்ணை ஊர்) என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது மொஷாவ், அதாவது குடும்பப் பண்ணைகள் சேர்ந்த கூட்டுறவு ஊர்; 1921 செப்டம்பரில் ஜெஸ்ரீல் சமவெளியில் தொடங்கிய முதல் மொஷாவ். பெயரில் வந்த சின்னப் பிழை என்று விட்டுவிட முடியவில்லை. அந்த ஊரின் பொருளாதாரமே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

தொடக்க முறைப்படி கிபுட்ஸில் நிலம், மாடு, வருமானம் எல்லாம் பொது. மொஷாவில் குடும்பத்துக்குத் தனி வீடு, தனி வயல், தனிக் கணக்கு. நிலம் யூதக் குடியேற்றத்துக்காக நிலம் வாங்கிய யூத தேசிய நிதியத்துடையது, விவசாயி குத்தகைதாரர். கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது என்பது தொடக்க விதி. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் காஃப்மன் ஊரை வட்டமாக வரைந்தார்: நடுவில் பொதுக் கட்டடங்கள், சுற்றிலும் வீடுகள், வீட்டுக்குப் பின்னால் தொழுவம், அதற்கும் பின்னால் விரிந்து செல்லும் வயல். கொல்லைப்புறம் இறங்கினாலே வயல். ஊரைக் கட்டுவதற்கு முன் சதுப்பை வடிய வைக்க வேண்டியிருந்தது. மலேரியா அங்கே அவ்வளவு கடுமை.

இளைஞர்கள் வெளியேறியதால் மொஷாவ்கள் நலிந்தன என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியாது. பண்ணையைத் துண்டு போடக் கூடாது, பிள்ளைகளில் ஒருவர்தான் அதைத் தொடர முடியும் என்பது முறை. மற்றவர்கள் வெளியேறுவது அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது.

நாட்டிலுள்ள மொஷாவ்களை உண்மையில் முறித்தது கூட்டுப் பிணை. விதை, தீவனம், கடன் எல்லாம் ஊர்ச் சங்கம் வழியாக வரும். பாலும் முட்டையும் சங்கம் வழியாகவே விற்பனைக்குப் போகும். விற்ற பணத்தில் கடனைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைச் சங்கம் உறுப்பினருக்குத் தரும். ஒருவர் வாங்கிய கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. 1984இல் பணவீக்கம் 400 சதவீதத்தைத் தாண்டியது. 1985 ஜூலையில் அரசு அதைக் கட்டுப்படுத்தியபோது உண்மை வட்டி (பணவீக்கத்தைக் கழித்தபின் நிற்கும் வட்டி) மிகவும் ஏறியது. மலிவுக் கடனை நம்பிக் கொட்டகை கட்டியவர்கள் தவணை கட்ட முடியாமல் நின்றார்கள். கடனே வாங்காத விவசாயியின் பால் பணமும் பக்கத்து வீட்டுக்காரரின் பாக்கிக்குப் போனது. கடன் வாங்காத அவர் என்ன செய்வார்? விளைச்சலைச் சங்கத்துக்கு வெளியே விற்கத் தொடங்கினார். நேர்மையாகக் கட்டியவர்களே முதலில் விலகியதால் சங்கத்தின் வரவு வற்றிப் பாக்கி இன்னும் பெருகியது.

1992இல் வந்த கால் சட்டம் (கெதல்யா கால் என்ற மொஷாவ்க்கார நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரால் அறியப்படுவது) ஒவ்வொரு விவசாயியின் கடனையும் தனியாகப் பிரித்து, அவரால் கட்ட முடிந்த அளவுக்குத் தீர்த்து வைக்க வழி செய்தது. பல ஊர்களில் கொள்முதலும் விற்பனையும் சங்கத்தின் கையை விட்டுப் போயின. 1990களிலிருந்து வயல் வேலைக்குத் தாய்லாந்துத் தொழிலாளர்களும் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். கூலியாள் கூடாது என்ற விதி அங்கே எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பதற்கு இதுவே போதும்.

திருத்தம் வெளியிடும்போது 'மொஷாவ்' என்ற சொல்லோடு இந்தப் பிணை முறையையும் இரண்டு வரியில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு