வலைப் பாவாடை விஷயமாக

பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அந்தக் கறுப்பு வலைப் பாவாடையைப் போட்டுக்கொண்டு, காலில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் போடுவது மாதிரி ஒரு பூட்ஸோடு வீடியோ காலில் வந்து நின்றபோது, "என்னடி, மேல் பாவாடையைப் போட மறந்துட்டியா" என்று கேட்டுவிட்டேன். உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். நான் வேண்டுமென்று சொல்லவில்லை. முப்பது வருஷமாகத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், பிறந்தநாள் ஃபிராக்குகளுக்குக் கேன்கேன் வைத்துத் தைத்தே விரல் காய்த்துப்போனது. எங்களுக்கு வலை என்றால் உள்ளே இருக்கிற சமாச்சாரம், பாவாடையைத் தூக்கிப் பிடிக்கும், வெளியே தலை காட்டாது. அந்தப் பழக்கத்தில் வந்த பேச்சு அது.

அப்புறம் தூக்கம் வரவில்லை. அப்பாவின் டேப்லெட்டை எடுத்து வைத்துக்கொண்டு பாலே ஆடுகிறவர்கள் போடும் இந்த வலைப் பாவாடை, டூட்டூ என்கிறார்களே, அது எங்கே ஆரம்பித்தது என்று தேட ஆரம்பித்தேன், விடிந்தே விட்டது.

1832-இல் பாரிஸ் ஆப்பராவில் மரி டாலியோனி என்கிற பெண் 'லா சில்ஃபீட்' என்ற பாலேயில் வெள்ளைப் பாவாடையோடு ஆடியிருக்கிறாள். குட்டையெல்லாம் இல்லை, கெண்டைக்கால் வரைக்கும் மணி மாதிரி விரிந்தது. மேடையில் கேஸ் விளக்கு. அந்த மங்கலான வெளிச்சத்தில் வெள்ளை அடுக்குகள் அசையும்போது அவள் கால் தரையில் படவில்லை என்றே தோன்றியிருக்கும். டூட்டூ என்ற பெயரெல்லாம் பிற்பாடுதான் வந்தது, பிரெஞ்சுக் குழந்தைகள் பின்பக்கத்துக்குச் சொல்லும் மழலைச் சொல்லிலிருந்து வந்ததாம். உன் பாட்டி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஆனால் அதே கேஸ் விளக்கு ஒருத்தியை எரித்தும் இருக்கிறது. எம்மா லிவ்ரி, டாலியோனியே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பெண், இருபது வயது. 1862 நவம்பரில் ஒத்திகைக்கு நடுவே பாவாடை விளக்கில் பட்டுத் தீப்பிடித்தது. எட்டு மாதம் கிடந்து 1863 ஜூலையில் போய்ச் சேர்ந்தாள். தீப்பிடிக்காமல் இருக்கத் துணியை மருந்தில் நனைத்து எடுக்கும் முறை அப்போதே இருந்திருக்கிறது. துணி விறைத்துப்போய் நிறம் மங்கும் என்று அவள்தான் வேண்டாம் என்றாளாம். அவள் உடையில் எரிந்தது போக மிஞ்சிய துண்டுகள் பாரிஸ் ஆப்பராவின் அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டேன் கொஞ்ச நேரம். துணி விழுகிற அழகுக்காக உயிரோடு விளையாடுகிற பைத்தியம் எனக்குப் புரியாமல் இல்லை, தைக்கிறவளுக்குப் புரியும்.

பிறகு ஆட்டம் மாறமாறப் பாவாடை மேலே ஏறிவிட்டது. கால் வேலை நுணுக்கமாகிவிட்டால் முட்டியை மறைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? தட்டு மாதிரி இடுப்பைச் சுற்றி நேராக நிற்கிறதே, அதைத் தைக்கும் விதத்தைப் பார்த்து அசந்துபோனேன். பத்துப் பன்னிரண்டு அடுக்கு வலை, ஒவ்வொன்றும் மேலே போகப்போக அகலம், நடுவில் ஒரு வளையக் கம்பி, எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கைத்தையலால் லேசாகப் பிடித்து வைக்கிறார்கள். முதுகில் கொக்கி ஒரு வரிசையோடு நிற்காது, இரண்டு மூன்று வரிசை, அடுத்த வருஷம் வேறொருத்தி போட வேண்டுமே! நம் ஜாக்கெட்டில் உள்ளே தையல் விட்டு வைக்கிற அதே புத்திதான். நியூயார்க்கில் கரின்ஸ்கா என்று ஒரு தையல் மகாராணி, 1950 வாக்கில் அந்தக் கம்பியையே எடுத்து எறிந்துவிட்டாள். கூட்டமாக ஆடும்போது ஒருத்தி கம்பி இன்னொருத்தி மேல் இடிக்கிறது, தட்டுகள் கோணிக்கொள்கின்றன என்று அடுக்கைக் குறைத்து, பவுடர் பஃப் மாதிரி தளதளவென்று தைத்தாள். இவளுக்கு ஒரு கும்பிடு.

சரி, இது எப்படித் தெருவுக்கு வந்தது? இரண்டாம் உலகச் சண்டை முடிந்து துணிக்கு ரேஷன் இருந்த காலத்தில்தான் அகலப் பாவாடை ஆசை பெரிதாகியிருக்கிறது. உங்கள் ஊர் லண்டன் ராயல் ஆப்பரா ஹவுஸ் யுத்தத்தின்போது டான்ஸ் ஹாலாகக் கிடந்ததாம், 1946-இல் மார்கோ ஃபோன்டெய்ன் என்ற பாலேக்காரி 'ஸ்லீப்பிங் பியூட்டி' ஆடித்தான் மறுபடி திறந்தார்கள். மறு வருஷம் பாரிஸில் டியோர் என்ற உடை வடிவமைப்பாளர் இடுப்பை இறுக்கிப் பாவாடையை விரித்துவிட்டார், அதற்குப் பின்னால் அவர் தைத்த விருந்து கவுன்களில் டூல் என்கிற மெல்லிய வலை வெளியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. ஐம்பதுகளில் நைலான் வலை மலிவானதும் காலேஜ் பெண்கள் வரை உள்பாவாடையாகப் போய்ச் சேர்ந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது லண்டன் உடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் செய்த குறும்புதான். எல்லாரும் தோளுக்குப் பஞ்சு வைத்துக் கோட்டு போட்டு ஆபீஸ் போன காலம் அது. இந்தம்மா 1985-இல் டூட்டூவையும் விக்டோரியா காலத்து வளையப் பாவாடையையும் சேர்த்துக் குட்டையாக வெட்டிவிட்டாள். 'மினி கிரினி' என்று பெயர். உட்கார்ந்தால் வளையம் மடங்கிக்கொள்ளும். அதே சமயத்தில் பாடகி மடோனாவும் வலைப் பாவாடையும் லேஸ் கையுறையுமாகத் திரிந்தாள். உன் பூட்ஸ் சேர்க்கைக்குப் பூர்வீகம் இதுதான், நீ ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

அப்புறம் நியூயார்க்கில் நாலு தோழிகள் கதை சொல்லும் அந்த அமெரிக்கத் தொடர், பெயரை நான் எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். 1998-இல் ஆரம்பித்தது, தொடக்கத்தில் ஒரு பெண் வெள்ளை டூட்டூவில் நடந்து வர, பஸ் வந்து சேற்றை அடித்துவிட்டுப் போகும். பட்ரீஷியா ஃபீல்ட் என்ற உடை வடிவமைப்பாளர் அதை ஐந்து டாலர் குவியலில் பொறுக்கியிருக்கிறார். 2024 ஜனவரியில் ஏலத்தில் ஐம்பத்திரண்டாயிரம் டாலர்! அப்பாவிடம் சொன்னேன், "துவைச்சுக் கொடுத்தாங்களா" என்று கேட்டார்.

நம் பக்கத்துச் சங்கதி ஒன்றும் உண்டு. ருக்மிணி தேவி முதலில் ஆசைப்பட்டது பாலேக்குத்தான், ரஷ்யப் பாலேக்காரி அன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் கற்றுக்கொண்டார். உன் சொந்த நாட்டுக் கலையைப் பார் என்று திருப்பிவிட்டது பாவ்லோவா. நான் சலங்கை பூஜைக்கு விசிறி வைத்துத் தைக்கிற பரத உடை, தைத்த உடையாக மேடை ஏறியதில் ருக்மிணி தேவிக்குப் பெரிய பங்கு. அப்படிப் பார்த்தால் உன் பாவாடை எனக்கு ரொம்ப அந்நியமும் இல்லை.

நேரம் கிடைத்தால் லண்டன் டேட் கலைக்கூடத்தில் டெகா என்ற பிரெஞ்சு ஓவியரின் 'பதினான்கு வயதுக் குட்டி நடனக்காரி' சிலையைப் போய்ப் பார். வெண்கலப் பெண்ணுக்கு நிஜத் துணியில் பாவாடை கட்டியிருக்கிறார்கள். எத்தனை அடுக்கு என்று எண்ணிச் சொல்.

அந்தப் பாவாடையை இடுப்புப் பட்டையில் கிளிப் போட்டு மாட்டாதே, வலை தொங்கிப்போகும். தலைகீழாக மாட்டு, பாலேக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். நைலான் என்றால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டுபோகாதே. அடுப்புப் பக்கம் அதைக் கட்டிக்கொண்டு நிற்காதே, மெழுகுவத்தி விருந்துக்கும் வேண்டாம்.

உள்ளே லைனிங் இல்லை, வீடியோவிலேயே தெரிந்தது, தொடை அரிக்குமே. கறுப்புச் சாட்டினில் ஒன்று தைத்து அனுப்புகிறேன். இடுப்பு, சீட், உயரம் மூன்றும் அனுப்பு. இஞ்சில் அனுப்பு, சென்டிமீட்டரில் அனுப்பினால் அப்பா கணக்குப் போடுகிறேன் என்று வந்து தப்பாகச் சொல்லுவார்.

அம்மா